பிள்ளைக்கு மவுத் கார்டு பொருத்துவது எப்படி: வாங்குவதற்கு முன்பிருந்து மைதானம் வரை

கோவில்பட்டிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் ஹாக்கி பயிற்சி நடக்கும் ஒரு மைதானத்தில் நான் எடுபிடி. கோன் அடுக்குவது, பந்து பொறுக்குவது, ஐஸ் வாங்கி வருவது என் வேலை. சில ஆண்டுகளாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது: புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மவுத் கார்டு, அதாவது அடியிலிருந்து பல்லைக் காக்க வாயில் மாட்டும் உறை, பொருத்திக் கொடுப்பது. முதலில் பொருத்தியவற்றில் பாதியை நானே கெடுத்தேன். பிறகு பெற்றோர் வீட்டில் கெடுத்துக்கொண்டு வந்தவற்றையும் பார்த்தேன். எல்லோரும் ஒரே நாலைந்து இடங்களில்தான் தவறுகிறார்கள். அந்த இடங்களைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரே ஒரு காரணம் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில் முன்பல் போனால் உடனே இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், வைக்க முடியாது. தாடை வளர்ந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை பெரும்பாலும் கழற்றி மாட்டும் பல்லோடுதான் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் முழுவதும் சிரிக்க வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மவுத் கார்டு பல்லையும் உதட்டையும் காக்கும். கீழ்த்தாடை மேல்தாடையில் மோதும் அடியையும் தாங்கிக்கொள்ளும். மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று கடைக்காரர் சொன்னால் அதை நம்பி வாங்க வேண்டாம். தலையில் அடிபட்ட பிள்ளை மவுத் கார்டு போட்டிருந்தாலும் அன்றைக்கு ஆட்டத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

1. விளையாட்டின் விதியை முதலில் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் இதைச் செய்யச் சொல்வதற்கு நிறம்தான் காரணம். குத்துச்சண்டையில் மவுத் கார்டு கட்டாயம். அங்கே அதைக் கம் ஷீல்டு என்பார்கள். சிவப்பு நிறம் ஆகாது, ஏனென்றால் வாயில் ரத்தம் வந்தால் நடுவருக்குத் தெரிய வேண்டும். டேக்வாண்டோவில் வெள்ளை அல்லது நிறமற்றதுதான் செல்லும். பிள்ளை ஆசைப்படுகிறது என்று சிவப்பில் புலிப்பல் வரைந்ததை வாங்கிக்கொடுத்துவிட்டுப் போட்டி நாளில் கடை தேடி ஓடிய பெற்றோர் உண்டு.

ஹாக்கி விதி மவுத் கார்டைப் பரிந்துரைக்கிறது, கட்டாயமாக்கவில்லை. அதனால் போடாமல் வந்தால் நடுவர் தடுக்க மாட்டார், பிள்ளைகளும் போட மாட்டார்கள். ஆனால் பந்தின் எடை 156 முதல் 163 கிராம், கல் போன்ற கடினம். நம் ஊர் மண் தரையில் அது எந்தப் பக்கம் எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. கபடி, கூடைப்பந்து, மல்யுத்தம், ஸ்கேட்டிங், கால்பந்து கோல்கீப்பர் என்று முழங்கையும் தரையும் முகத்துக்கு வரும் எல்லா விளையாட்டுக்கும் இது பொருந்தும்.

2. வாங்கும் முன் வாயைப் பாருங்கள்

மவுத் கார்டு அன்றைய பல்வரிசைக்கு அச்செடுத்ததுபோல் உறைந்துவிடும். நாளைக்கு விழப்போகும் பல்லுக்கு அச்செடுப்பது வீண் வேலை. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரை பால்பல்லும் நிலைப்பல்லும் கலந்திருக்கும் காலம். அதனால் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வருவதுதான் சரியான வரிசை. சொத்தை இருந்தால் முதலில் அடைத்துவிட வேண்டும். ஆடும் பால்பல் இருந்தால் அது விழும்வரை பொறுப்பதா, இப்போதே பொருத்துவதா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

எத்துப்பல் உள்ள பிள்ளைகளுக்கு இதை விளையாட்டுக் காலணிக்கும் முன்னால் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. உதடு மூடாமல் முன்னே நிற்கும் பல்தான் அடியை முதலில் வாங்குகிறது.

பல்லைச் சீராக்கக் கிளிப் போட்டிருக்கிறதா? அப்படியானால் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி உங்களுக்கு உதவாது. வெந்நீரில் இளக்கிக் கடிக்கும் சாதாரண வகை, கிளிப்பின் கம்பிக்குள்ளும் இடுக்குக்குள்ளும் போய் இறுகிக்கொள்ளும். கழற்றும்போது கிளிப்பே பெயர்ந்து வரலாம். பல்லும் கிளிப்பால் நகர்ந்துகொண்டே இருப்பதால் இறுக்கமான அச்சு அந்த நகர்வுக்கு இடைஞ்சல். கிளிப் போட்ட மருத்துவரிடமே கேட்டு, அதற்கென இடம் விட்டுச் செய்ததை வாங்குங்கள்.

3. எந்த வகை, எந்த அளவு

மூன்று வகை உண்டு. வாங்கி அப்படியே போடும் ஆயத்த வகையை விட்டுவிடலாம். வாயில் நிற்காது, பல்லைக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பேசினால் விழும். மருத்துவர் அச்செடுத்துச் செய்து தருவது எல்லாவற்றிலும் சிறந்தது, சில ஆயிரம் ரூபாய் ஆகும். பல்வரிசை மாறிக்கொண்டிருக்கும் வயதில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும் என்பதுதான் தயக்கம். வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்தும் வகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நம்மில் பெரும்பாலோர் வாங்குவது அதைத்தான். இனி சொல்லப்போவதும் அதைப் பற்றித்தான்.

அளவில் எல்லோரும் செய்யும் தவறு, சீருடை வாங்குவதுபோல் "வளரும் பிள்ளை, ஒரு சைஸ் கூட இருக்கட்டும்" என்று வாங்குவது. பெரிய அளவு தொண்டைப் பக்கம் நீண்டு குமட்ட வைக்கும். அதை வெட்டிக் குறைத்தால் முன்பக்க வளைவு பல்வரிசைக்குப் பொருந்தாது. அட்டையில் போட்டிருக்கும் வயது வரம்பைப் பார்த்து வாங்குங்கள். காற்றோட்டத் துளை உள்ள டப்பாவோடு வருகிறதா, தமிழிலோ ஆங்கிலத்திலோ செய்முறைத் தாள் உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். தாள் இல்லாத மலிவு உருப்படிகளை நான் வாங்குவதில்லை. எவ்வளவு நேரம் வெந்நீரில் வைப்பது என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறுபடும். அதை ஊகித்துச் செய்ய முடியாது.

முடிந்தால் இரண்டாக வாங்குங்கள். முதல் ஒன்று கெட்டுப்போனால் மனம் தளராது.

4. அடுப்பு பற்றவைக்கும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

அகலமான பாத்திரம், ஜல்லிக் கரண்டி, ஐஸ் போட்ட ஒரு கிண்ணம் தண்ணீர், வினாடி முள் உள்ள கடிகாரம் அல்லது கைப்பேசி, சிறு கத்தரிக்கோல், முகம் பார்க்கும் கண்ணாடி, துண்டு. இவ்வளவையும் மேசையில் வைத்த பிறகுதான் அடுப்பு. இளகிய பொருள் உங்களுக்காகக் காத்திருக்காது. நீங்கள் ஐஸ் எடுக்கக் குளிர்பதனப் பெட்டிக்குப் போய்வரும் நேரத்தில் அது பாதி இறுகிவிடும்.

பிள்ளை சாப்பிட்ட உடனே வேண்டாம். குமட்டினால் எல்லாம் வெளியே வரும். சளி பிடித்து மூக்கடைத்திருக்கும் நாளிலும் வேண்டாம். மூக்கால் மூச்சுவிட முடியாத பிள்ளை பத்து வினாடிகூட வாயை மூடி வைத்திருக்காது.

அடுத்தது ஒத்திகை. என் அனுபவத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது இதுதான், பலர் தாவிவிடுவதும் இதைத்தான். சூடாக்காத மவுத் கார்டை அப்படியே பிள்ளையின் வாயில் வைத்து எல்லா அசைவையும் ஒருமுறை செய்து பாருங்கள். கண்ணாடியைப் பார்த்து நடுவில் வைப்பது, மேல்பல்லில் ஏற்றுவது, மெதுவாகக் கடிப்பது, உறிஞ்சுவது, இருபது எண்ணும்வரை அசையாமல் இருப்பது. இரண்டு மூன்று முறை சிரித்துத் துப்பும். துப்பட்டும். சூடானதை வைத்த பிறகு துப்புவதைவிட அது நல்லது.

5. இளக்குதல்

தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, தாளில் சொன்ன நேரம் பொறுத்து, பிறகு மவுத் கார்டைப் போட வேண்டும். கொதிக்கும்போதே போட்டால் பாத்திரத்தின் அடியில் ஒட்டும், இரு ஓரமும் உள்நோக்கி மடிந்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். இது பெரும்பாலும் எத்திலீன் வினைல் அசிடேட் என்ற பொருள். சூட்டில் இளகி, குளிரில் அதே வடிவத்தில் நிற்பதுதான் அதன் குணம். அளவுக்கு மீறி இளகினால் வடிவமே போய்விடும். அப்படி மடிந்ததைப் பிரித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், தூக்கிப்போடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு, குக்கர் ஆவி இரண்டுமே ஆகாது.

நேரம் முடிந்ததும் ஜல்லிக் கரண்டியால் எடுத்து நீரை உதறுங்கள். ஒன்றிரண்டு வினாடி குளிர்ந்த நீரில் முக்குங்கள். மேல்பரப்புச் சூடு தணியும், உள்ளே இளக்கம் அப்படியே இருக்கும். உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் பிள்ளையின் ஈறுக்கும் சுடும். வெந்நீர் வேலை முழுவதும் பெரியவருடையது.

6. வாயில் அமர்த்துதல்

மவுத் கார்டு மேல்பல்லுக்குத்தான். கீழ்த்தாடை முன்னே நிற்கும் பிள்ளைகளுக்கு மட்டும் மருத்துவர் கீழ்வரிசைக்குச் சொல்லலாம்.

பிள்ளையைக் கண்ணாடி முன் உட்கார வையுங்கள், தலை சற்றுக் குனிந்திருக்கட்டும். அண்ணாந்தால் குமட்டல் கூடும். மவுத் கார்டின் முன்நடுவில் உள்ள வெட்டு, இரண்டு முன்பல்லுக்கும் இடையிலான கோட்டுக்கு நேராக வர வேண்டும். உங்கள் இரு கட்டைவிரலாலும் கடைவாய்ப்பல் பக்கம் மேலே அழுத்தி ஏற்றுங்கள்.

இப்போது பிள்ளையிடம் "எச்சிலை ஒருமுறை விழுங்கு, பிறகு மெதுவாகக் கடி" என்று சொல்லுங்கள். விழுங்கும்போது தாடை தன் இயல்பான இடத்துக்குத் தானாக வரும். வெறுமனே "கடி" என்றால் பிள்ளைகள் கீழ்த்தாடையை முன்னே தள்ளிக் கடிக்கிறார்கள். அப்படியே உறைந்தால் ஒவ்வொரு ஆட்டத்திலும் தாடை கோணலாகவே நிற்கும், காதோரம் வலிக்கும்.

கடிப்பது மெதுவாக என்பதை மூன்று முறை சொல்லுங்கள். கரும்பு கடிப்பதுபோல் கடித்தால் கடைவாய்ப்பக்கம் கண்ணாடித்தாள் அளவுக்கு மெலிந்துவிடும். மெலிந்த இடத்தில் அடியைத் தாங்க ஒன்றும் மிச்சமிருக்காது. நான் கெடுத்தவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் கெட்டன: வெளியிலிருந்து பார்க்க அழகாகப் பொருந்தியிருக்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பின்பல் இடத்தில் விரல் தெரியும்.

கடித்த நிலையிலேயே உதட்டுக்கு வெளியிலிருந்து விரல்களால் ஈறோடு ஒட்டும்படி அழுத்துங்கள், கன்னத்துக்கு மேலாகவும். பிள்ளை நாக்கை அண்ணத்தோடு சேர்த்து அழுத்தி, உள்ளிருக்கும் காற்றையும் நீரையும் வேகமாக உறிஞ்சட்டும். மவுத் கார்டு பிற்பாடு வாயில் தானாக நிற்பது இந்த உறிஞ்சலால்தான். தாளில் சொன்ன நேரம் முடிந்ததும் வாயிலிருந்து எடுத்து உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள், இரண்டு நிமிடம்.

7. சோதித்து வெட்டுதல்

ஆறியதும் மறுபடி மாட்டி, வாயை முழுவதும் திறக்கச் சொல்லுங்கள். விழவில்லையா? தலையை உதறச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். ஒரு மிடறு தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். நாலில் ஒன்று தவறினாலும் மீண்டும் இளக்க வேண்டும். ஆனால் தாள் அனுமதித்தால் மட்டும், அதிகபட்சம் இன்னொரு முறை. ஒவ்வொரு இளக்கலிலும் பொருள் மெலிகிறது.

கபடி ஆடும் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு சோதனை: மூச்சுவிடாமல் "கபடி, கபடி" என்று பாடவைத்து, நாலடி தள்ளி நின்று கேளுங்கள். பாட்டு தெளிவாக நடுவர் காதில் விழாவிட்டால் அவன் பாடிப்போனது வீண். "மாஸ்டர், இதைப் போட்டால் பாட்டு வரவில்லை" என்று ஒரு தம்பி மவுத் கார்டையே வெறுத்துவிட்டான். பார்த்தால், அண்ணப் பக்கத்து ஓரம் வெட்டப்படாமல் நாக்கில் இடித்துக்கொண்டிருந்தது. அரை விரற்கடை வெட்டியதும் பாட்டு வந்துவிட்டது.

வெட்ட வேண்டிய இடங்கள் மூன்றுதான். ஒன்று, கடைசிப் பல்லைத் தாண்டி நீளும் பின்முனை, குமட்டலுக்குக் காரணம் இதுதான். இரண்டு, நாக்கில் இடிக்கும் உள்ஓரம். மூன்று, மேலுதட்டைத் தூக்கினால் நடுவில் உதட்டையும் ஈறையும் இணைக்கும் மெல்லிய சதை மடிப்பு இருக்கும். மவுத் கார்டின் முன்வெட்டு அதில் உராய்ந்தால் புண்ணாகும், வெட்டைச் சற்று ஆழப்படுத்துங்கள். எல்லா இடத்திலும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஒரே வெட்டில் எடுக்காதீர்கள். வெட்டிய ஓரத்தை மட்டும் வெந்நீரில் ஒரு நொடி தொட்டு ஈரவிரலால் தடவினால் கூர்மை போய்விடும்.

முன்பல்லை மூடும் வெளிப்பக்கத்தில் மட்டும் கத்தரிக்கோல் வைக்காதீர்கள். அடி விழும் இடம் அது. மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமன் அங்கே இருந்தால்தான் பயன்.

8. பழக்கும் வாரம்

பொருத்திய மறுநாளே போட்டிக்கு அனுப்பாதீர்கள். புதுச்செருப்பைப் போட்டுக்கொண்டு திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போவதுபோல் ஆகிவிடும். முதல் இரண்டு நாள் வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போது பத்து நிமிடம். அப்புறம் மாட்டிக்கொண்டு பேசுவது, சத்தமாகப் பாடம் படிப்பது. பிறகு மாடிப்படி ஏறி இறங்குவது. பயிற்சி ஆட்டம் அதற்குப் பிறகு. ஆரம்பத்தில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். புதிய பொருளை வாய் உணவென்று நினைக்கிறது, சில நாளில் அடங்கிவிடும். இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், தனக்கு மட்டும்தான் வடிகிறது என்று வெட்கப்பட்டுக் கழற்றிவிடும்.

பயிற்சியிலும் போட வேண்டும். எங்கள் மைதானத்தில் நான் பார்த்த அடிகளில் பெரும்பாலானவை பயிற்சியில் விழுந்தவை. எதிரணி என்ற எச்சரிக்கை இல்லாமல், கூட்டாளியின் மட்டை பின்னால் வீசப்படுவதை யாரும் கவனிப்பதில்லை. மட்டையைக் கையில் எடுக்கும் முன் மவுத் கார்டு வாய்க்குப் போக வேண்டும் என்ற ஒரே விதியை வைத்தோம். வரிசை பழகிவிட்டால் நினைவூட்ட வேண்டியதில்லை.

9. கழுவுதல், காய்தல், வெயில்

ஆடி முடித்ததும் பச்சைத்தண்ணீரில் அலசி, தனியாக வைத்திருக்கும் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நீரை உதறி, துளையுள்ள டப்பாவில் வையுங்கள். மூடிய சாப்பாட்டு டப்பாவிலோ பிளாஸ்டிக் பையிலோ ஈரத்தோடு வைத்தால் இரண்டே நாளில் நாறும்.

ஹாக்கிப் பிள்ளைகளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இடைவேளையில் கழற்றி, காலுறைக்குள், முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் பேடு என்ற காப்புக்குப் பின்னால் சொருகிக்கொள்வார்கள். பத்து நிமிடம் கழித்து அந்த வியர்வையும் மண்ணும் அப்படியே வாய்க்குப் போகும். டப்பாவைத் தண்ணீர் பாட்டிலோடு கட்டிவிடுங்கள். தண்ணீர் குடிக்க வந்தால் டப்பா கையில் கிடைக்கும்.

சூடுதான் இதற்கு எமன். சித்திரை வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில், காரின் முகப்பில் வைத்தால் வடிவம் கெடும். ஒரு வீட்டில் பாட்டி, பேரனின் வாயில் போகும் பொருளாயிற்றே என்று பால்புட்டியோடு சேர்த்துக் கொதிக்க வைத்துவிட்டார். பிள்ளையை யாரும் திட்டவில்லை, பாட்டியையும் திட்ட முடியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை சொல்லிவையுங்கள். அண்ணன் தம்பி மாற்றிப் போடுவதும் கூடாது.

10. எப்போது மாற்றுவது

கடித்துத் துளை விழுந்தால், ஓரம் கிழிந்தால், வாயைத் திறந்ததும் விழுந்தால் அன்றே மாற்றுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே, புதுப்பல் முளைக்கும்போதெல்லாம் மாட்டிப் பாருங்கள். பல் எழும்ப வேண்டிய இடத்தை மவுத் கார்டு அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது. பெரிய பிள்ளைகளுக்கும் ஒரு சீசனுக்கு மேல் நான் நம்புவதில்லை. பபிள் கம்போல் மென்றுகொண்டே ஆடும் பிள்ளைக்கு இரண்டு மாதம் தாங்கினால் அதிகம்.

11. அப்படியும் பல் விழுந்தால்

போடாத நாளில்தான் இது நடக்கும். எங்கள் மைதானத்தில் ஒரு பையனின் முன்பல் முழுதாகக் கழன்று விழுந்தபோது, அதை நன்றாகத் தேய்த்துக் கழுவி, கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாகக் கொடுத்தனுப்பினோம். நாங்கள் செய்த ஒவ்வொன்றும் தவறு.

விழுந்தது பால்பல் என்றால் திரும்ப வைக்கவே கூடாது, அடியில் வளரும் பல் கெடும். நிலைப்பல் என்றால் வெண்மையான மேல்பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள், அதில் ஒட்டியிருக்கும் உயிரணுக்கள்தான் பல்லை மறுபடி பிடிக்க வைப்பவை. மண் இருந்தால் பாலிலோ, சலைன் நீரிலோ, பிள்ளையின் எச்சிலிலோ லேசாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். பிள்ளை நினைவோடு தெளிவாக இருந்தால் பல்லை அதே குழியில், முன்பக்கம் முன்னே வரும்படி வைத்து, மடித்த துணியைக் கடிக்கச் சொல்லி மருத்துவரிடம் ஓடுங்கள்.

வைக்கத் துணிவில்லையென்றால் பாலில் போட்டுக் கொண்டுபோங்கள். குளிர்ந்த பாக்கெட் பால். டீக்கடையில் சர்க்கரை போட்டுக் காய்ச்சிய சூடான பால் அல்ல. வெறும் தண்ணீரில் போடாதீர்கள், உலரவும் விடாதீர்கள். வெளியே உலர்ந்து ஒரு மணி நேரம் போனால் அந்த உயிரணுக்கள் செத்துவிடும். அரை மணி நேரத்துக்குள் குழிக்குப் போவது நல்லது.

இதற்கெல்லாம் அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. அதனால் முதலுதவிப் பெட்டியில் சுத்தமான மூடி போட்ட சிறு டப்பாவும் சலைன் பாட்டிலும் இருக்கட்டும். பக்கத்தில் பாக்கெட் பால் விற்கும் கடை எது என்று தெரிந்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் எந்தப் பல் மருத்துவர் இருப்பார் என்று சனிக்கிழமையே கேட்டு, அவருடைய எண்ணைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். எங்கள் பெட்டியில் ஒட்டியது, அந்தக் கைக்குட்டை சம்பவத்துக்கு மறுநாள்.